எருதின் கொம்பும் எலியின் கூடும்

கரும்பு வெட்டுங் காலத்தில் நெல்லிக்குப்பத்துக்குப் போகிறவர்கள் ஊர்ப் பெயர் எழுதிய பலகையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கடலூரிலிருந்து மேற்கே செல்லும் வழியில், ஊர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பாகின் வாசனை மூக்கில் ஏறிவிடும். பாரி கம்பெனியாரின் சர்க்கரை ஆலை 1842 ஆம் ஆண்டு தொடங்கி இவ்வூரில் இருந்து வருவதாகச் சொல்வார்கள். ஒரு காலத்தில் ஆலைக்குப் போகும் சாலை நெடுகிலும் கரும்பு வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் காத்து நிற்கும். இன்று லாரிகளும் டிராக்டர்களும் அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டுவிட்டன. எனினும் மாட்டு வண்டி அடியோடு மறைந்துவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்து முற்பகலில் நாம் அவ்வழியே சென்றோம். உடன் வந்தவர் நம் பழைய நண்பர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மிருக வைத்தியர். சாலையோரப் புளிய மரத்தடியில் ஒரு வண்டி அவிழ்த்து விடப்பட்டிருந்தது. எருதுகள் இரண்டும் கொழுந்தாடை மேய்ந்துகொண்டிருந்தன. அல்ல, ஒன்றுதான் மேய்ந்தது. மற்றொன்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்று, அடிக்கடி உதறிக்கொண்டிருந்தது. அதன் வலக் கொம்பு இடக் கொம்பைப் போல் நிமிர்ந்திராமல், யாரோ பிடித்து வளைத்துவிட்டதுபோல் தொங்கியது. வலது மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

நண்பர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"எத்தனை வயசு?"

"எட்டு இருக்குங்க, ஐயா."

"கொம்பு எப்போதிலிருந்து இப்படி?"

"மாட்டுப் பொங்கலுக்குச் சீவி வர்ணம் அடிச்சப்போ நேராத்தான் இருந்துச்சு. எவன் கண்ணு பட்டுதோ, தெரியலை. ஒரு மாசத்துலே சாஞ்சு போச்சு."

நண்பர் கொம்பின் அடியை மெல்ல விரலால் அழுத்தினார். எருது வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டது. "கண் அல்ல, பெரியவரே, புற்று" என்றார் அவர்.

நம்மில் பலர், மனிதர்களுக்கு மட்டுமே உரிய நோய் புற்று என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது சரியன்று. நாய்க்கு வரும், கோழிக்கு வரும், மீனுக்கும் வரும். மாடுகளில், அதிலும் குறிப்பாக நம் பாரத நாட்டு மாடுகளில், மிகுதியாகக் காணப்படுவது இந்தக் கொம்புப் புற்று. மேல்நாடுகளில் இது மிக அரிது. மாட்டின் கொம்பு வெளியிலிருந்து பார்ப்பதற்குக் கட்டை மாதிரி தோன்றினாலும் உள்ளே குழிவானது. அந்தக் குழிவு நெற்றி எலும்பிலுள்ள அறையோடும், அதன் வழியாக மூக்கோடும் தொடர்புள்ளது. குழிவின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்விலேதான் புற்று முளைக்கிறது. ஆகையால்தான் கொம்பில் தோன்றிய நோய்க்கு மூக்கில் இரத்தம் வருகிறது. நாளடைவில் கொம்பின் அடி இளகி, கொம்பு சாய்ந்து, சில சமயம் கழன்றே விழுந்துவிடும். விழுந்த இடத்தில் பூக்கோசைப் போல் சதை வளர்ந்து நிற்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்த நோய் யாரைப் பிடிக்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்க விஷயம். ஐந்து முதல் பத்து வயது வரையில் உள்ள, காயடிக்கப்பட்டு உழைக்கும் எருதுகளிடம் அதிகமாகக் காண்கிறது. பசுக்களுக்கு எப்போதாவது வருகிறது. பொலிகாளைகளுக்கு மிக அபூர்வம். அதே வெயிலில் நின்று அதே குளத்துத் தண்ணீரைக் குடிக்கும் எருமைகளுக்கோ அநேகமாக இல்லை. அப்படியானால் உழைக்கும் எருதின் வாழ்க்கையில் மற்றவற்றுக்கு இல்லாதது என்ன? காயடிப்பதால் உடலின் சுரப்பிகள் நிலை மாறுகின்றன. நுகத்தடி கொம்பின் அடியில் ஓயாமல் உரசுகிறது. கொம்பைச் சீவுகிறோம்; வர்ணம் பூசுகிறோம். வைத்திய ஆராய்ச்சியாளர்கள் இவற்றில் ஒவ்வொன்றின் மேலும் சந்தேகம் கொண்டிருக்கிறார்கள். ஒன்றையும் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் விளங்குகிறது. மேலே சொன்ன நான்கும் எருது தானாகத் தேடிக்கொண்டவை அல்ல. நம்மோடு சேர்ந்து வாழ்ந்ததால் அதற்கு வந்தவை.

மனிதர் விஷயத்தில் இதை நம் நாட்டார் முன்பே கண்டிருக்கிறார்கள். காஷ்மீரத்தில் குளிருக்காகக் கங்கிரி என்னும் நெருப்புச் சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொள்பவர்களுக்கு வயிற்றுத் தோலில் புற்று வருகிறது. புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்பவர்களுக்கு, அடக்கிய கன்னத்திலேயே வருகிறது. பம்பாயில் டாக்டர் கானோல்கர் இத்தகைய வழக்கங்களுக்கும் புற்றுக்கும் உள்ள உறவை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர். நெருப்பும் புகையிலையும் உடலைத் தொடுகிற பொருள்கள். அவை கெடுதல் செய்வதில் வியப்பில்லை. ஆனால் உடலைத் தொடாத ஒன்று, அதாவது ஒரு பிராணி யாரோடு வாழ்கிறது, தனியாக வாழ்கிறதா கூட்டமாக வாழ்கிறதா என்பது, அதன் உடலுக்குள் வளரும் புற்றை மாற்றுமா? புளிய மரத்தடியில் நின்றபோது நாம் நண்பரிடம் கேட்ட கேள்வி இதுதான். வண்டிக்காரப் பெரியவர் சொன்ன ஒரு செய்தியே நம்மை அப்படிக் கேட்கத் தூண்டியது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் சுண்டெலிகளிடம் போக வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு ஜாதிச் சுண்டெலி உண்டு. பல தலைமுறையாக உறவுக்குள்ளேயே இணைசேர்த்து வளர்க்கப்பட்டது. அந்த ஜாதிப் பெண் எலிகளில் பெரும்பாலானவற்றுக்கு மார்பில் புற்று வரும். காரணம் தாய்ப்பாலில் இருக்கிறது என்பதை 1936 இல் பிட்னர் என்பவர் வெளியிட்டார். பாலோடு ஒரு நுண்கிருமி குட்டிக்குப் போகிறது. பிற்பாடு அது புற்றை உண்டாக்குகிறது. பம்பாயில் கமல் ரணதிவே அம்மையாரும் எலிகளின் மார்புப் புற்றைப் பற்றியே ஆராய்ந்து பெயர் பெற்றார். அங்கே வைத்து வளர்த்த ஒரு எலி ஜாதி, இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களையே தன் பெயராகக் கொண்டு விஞ்ஞான உலகில் உலாவி வருகிறது.

பிறந்த அன்றே வாயில் விஷம் ஊட்டப்பட்ட குட்டிகள் இவை. இனி எங்கே வைத்தால் என்ன, எப்படி வைத்தால் என்ன என்று தோன்றுகிறதல்லவா? ஆண்டர்வாண்ட் என்ற அமெரிக்கருக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் இந்த எலிகளில் சிலவற்றைக் கூட்டுக்கு ஒன்றாகத் தனித்து வைத்தார். சிலவற்றைக் கூட்டுக்கு எட்டாகச் சேர்த்து வைத்தார். தீனி ஒன்று, தண்ணீர் ஒன்று. 1944 இல் அவர் வெளியிட்ட முடிவு, தனித்திருந்தவற்றுக்குப் புற்று முன்னதாகவே தோன்றியது என்பது.

உலக யுத்தத்தின் நடுவில் வெளிவந்த இந்தச் சிறு கட்டுரையை அன்று அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து 1975 இல் ரைலி என்பவர் விஷயத்தை வேறொரு பக்கமாக அணுகினார். ஆராய்ச்சிச் சாலைகளில் எலிக் கூடுகளை அடுக்கி வைத்திருக்கும் அறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விளக்கு வெளிச்சம், கதவுச் சத்தம், ஆள் நடமாட்டம், பக்கத்துக் கூட்டில் கலவரம். ரைலி சில எலிகளை அந்தச் சந்தடியிலேயே விட்டார். சிலவற்றை ஓசையும் கலவரமும் அணுகாத இடத்தில் வைத்துக் காப்பாற்றினார். 400 நாட்கள் கழித்துப் பார்த்தபோது சந்தடியில் இருந்தவற்றில் 100 க்கு 92 எலிகளுக்குப் புற்று. அமைதியில் இருந்தவற்றில் 100 க்கு 7. கிருமி இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான்.

நாம் இந்தக் கணக்கை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தோம்.

இன்னும் நெருங்கிய பரிசோதனை 2009 இல் சிகாகோ சர்வகலாசாலையார் வெளியிட்டது. இம்முறை சுண்டெலி அல்ல, பெரிய எலி. இயற்கையில் இந்த எலிகள் கூட்டமாகவே வாழும்; ஒன்றின் குட்டியை மற்றொன்று பேணும். பெண் எலிகளைச் சிலவற்றை ஐந்தைந்தாகவும் சிலவற்றைத் தனித்தனியாகவும் வைத்து, அவை கிழப்பருவம் அடையும் வரையில் பொறுமையாகக் காத்திருந்தார்கள். தனித்திருந்த எலிகளின் உடலில் கட்டிகளின் மொத்தப் பருமன் கூட்டத்தில் இருந்தவற்றைப்போல் 84 மடங்காக இருந்தது. அந்தக் கட்டிகள் கொடிய வகையாக மாறும் அபாயமும் மூன்று மடங்குக்கு மேல். இரத்தத்தைச் சோதித்தபோது காரணத்தின் ஒரு நுனி கிடைத்தது. அச்சம் ஏற்பட்டால் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமைந்த சுரப்பியிலிருந்து ஒரு ரசம் ஊறி இரத்தத்தில் கலக்கும். ஓடவும் எதிர்க்கவும் உடலைத் தயார் செய்யும். ஆபத்து நீங்கியதும் ரசம் தணிந்துவிட வேண்டும். தனி எலிகளிடம் அது எளிதில் தணியவில்லை. கூட்டத்து எலிகள் அரண்டு உடனே ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அமைதி அடைந்தன. தனி எலி, ஆபத்துப் போன பின்னும் மூலையில் ஒடுங்கி, விழித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த ஆண்டிலேயே ஓஹையோ சர்வகலாசாலையிலிருந்து வேறொரு செய்தி வந்தது. அங்கே சுண்டெலிகளுக்கு விசாலமான கூடு கட்டி, பதினெட்டு இருபது எலிகளை ஒன்றாக விட்டு, சக்கரம், சுரங்கம், மரப் பொம்மை எல்லாம் கொடுத்தார்கள். மற்றவை வழக்கம்போல் சிறு கூட்டில் ஐந்தைந்தாக இருந்தன. பிறகு எல்லாவற்றுக்கும் தோலில் கறுப்புப் புற்றின் உயிரணுக்களைக் குத்தி ஏற்றினார்கள். ஆறு வாரம் விசாலக் கூட்டில் இருந்த எலிகளின் கட்டி, மற்றவற்றின் கட்டியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வளர்ந்தது. ஆறில் ஒரு எலிக்குக் கட்டியே கண்ணுக்குத் தென்படவில்லை. இதைப் படித்து உலகெங்கும் பத்திரிகைகள் ஆரவாரம் செய்தன. ஆனால் வேறு ஆய்வுக்கூடத்தார் செய்து பார்த்தபோது எல்லாருக்கும் இதே பலன் கிட்டிவிடவில்லை என்பதையும் நேயர்களுக்குச் சொல்ல வேண்டியது நம் கடமை. விஞ்ஞானத்தில் ஆரவாரம் முந்திக்கொண்டு போகும். உண்மை சோற்று மூட்டையோடு பின்னால் நடந்து வரும்.

கூட்டம் என்றாலே நன்மை என்று எண்ணிவிடவும் கூடாது. முன்பின் அறியாத ஆண் சுண்டெலிகளை ஒரே கூட்டில் போட்டால் விடிவதற்குள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக் குதறிவிடும். சில பிராணிகளுக்குத் தனிமையே இயல்பு. கூட்டம் பாழான குணத்தோடு அமைந்தால் புற்றையே கையோடு கொண்டு வந்து கொடுத்துவிடும் என்பதற்கு ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள தாஸ்மானியாத் தீவு சாட்சி. அங்கே நாய்க்குட்டி அளவில் ஒரு கறுப்புப் பிராணி இருக்கிறது. இரைக்காகவும் இணைக்காகவும் அவை ஒன்றன் முகத்தை ஒன்று கடித்துக்கொள்ளும். 1996 இல் அவற்றின் முகத்தில் விகாரமான கட்டிகள் காணப்பட்டன. ஆராய்ந்தபோது, கடிக்கும்போது ஒரு பிராணியின் புற்று உயிரணுவே மற்றதன் காயத்தில் ஒட்டிப் பயிராகிறது என்று தெரிந்தது. அந்தப் பிராணியின் இனமே அருகிப் போகும் நிலை வந்துவிட்டது.

இதற்காகத் தாஸ்மானியா வரையில் போவானேன்? நம் தெரு நாய்களிடத்திலேயே இவ்வகைப் புற்று ஒன்று உண்டு. இணைசேரும்போதும் நக்கும்போதும் மோந்து பார்க்கும்போதும் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் போவது. ஆசியாவில் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் உடலில் தோன்றிய புற்று, அந்த நாய் செத்து மண்ணான பின்னும் நாய் விட்டு நாய் தாவி இன்றும் உயிரோடிருக்கிறது என்று 2019 இல் ஆராய்ச்சியாளர் கணித்திருக்கிறார்கள். சென்னை வேப்பேரியில் 1903 இல் ஏற்பட்ட மிருக வைத்தியக் கல்லூரியில் பயின்ற எந்த வைத்தியரைக் கேட்டாலும் இந்த நோயைத் தெரியும் என்பார். சிகிச்சையும் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை வின்கிரிஸ்டின் என்ற மருந்தை ஊசி மூலம் ஏற்றினால் பெரும்பாலும் குணமாகிறது. அந்த மருந்து எதிலிருந்து எடுக்கப்படுகிறது தெரியுமா? நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டோரத்திலும் ஒருங்கே பூத்து நிற்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து! எருதின் கொம்புப் புற்றுக்கும் இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஒட்டிக்கொள்ளும் புற்று என்றதும் நேயர்களில் சிலருக்குத் திகில் உண்டாகியிருக்கும். தாய்மார்கள் சிலர் பத்திரிகையைச் சற்றுத் தள்ளிப் பிடித்திருக்கவும் கூடும். ஆகவே இதை அழுத்தமாகச் சொல்கிறோம். நாய், அந்தத் தாஸ்மானியப் பிராணி, கடலில் வாழும் சில சிப்பி வகைகள் ஆகியவற்றோடு இயற்கையில் ஒட்டும் புற்றின் கதை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. புற்று கண்ட மனிதரைத் தொடுவதாலோ, அவர் குடித்த டம்ளரில் குடிப்பதாலோ, அவரோடு ஒரே பாயில் படுப்பதாலோ புற்று வருவதில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் உறவில் ஒரு பெண்மணி. நாம் அத்தை என்று அழைப்பது வழக்கம். நாற்பது ஆண்டு அந்த வீட்டின் அடுப்படியை ஆண்டவள். மார்பில் கட்டி கண்டு, அறுத்து எடுத்து, வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்ததும் பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிச் சொம்பு. பேரக் குழந்தைகள் வாசற்படியில் நின்று பேசிவிட்டு ஓடிவிட வேண்டும். வீட்டார் கொடியவர்கள் அல்லர். வேளைக்குப் பாலும் பழமும் தவறாமல் போயிற்று. நாம் பார்க்கப் போனபோது அத்தை சொன்னது, "எனக்கு நோவு ஒண்ணுமில்லேடா. சமையற்கட்டுச் சத்தம்தான் இங்கே கேட்கலே." நாமும் அன்று வாசற்படியில் நின்றுதான் பேசினோம். உள்ளே போய் உட்கார நமக்குத் தோன்றவில்லை. எலிகளைப் பற்றிய இந்த விவரமெல்லாம் பிற்பாடு நாம் தேடிப் படித்தது.

எலிக்குக் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவதில் இன்னோர் அபாயமும் உண்டு. "கவலைப்பட்டே வரவழைத்துக்கொண்டாள்" என்று நோயாளியின் மேலேயே பழியைப் போடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஐரோப்பாவில் 1,16,000 பேர் வரையில் உத்தியோகம் பார்ப்பவர்களை ஆண்டுக் கணக்கில் கவனித்து 2013 இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வேலைத் தொந்தரவு மிகுந்தவர்களுக்குப் புற்று அதிகம் என்று அதில் தெரியவில்லை. அத்தை கவலைப்பட்டதால் கட்டி வந்தது என்று சொல்ல ஒருவருக்கும் ஆதாரம் கிடையாது.

ஆனால் அதே 2013 இல் அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு கணக்கு, ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட புற்றுநோயாளிகளைப் பற்றியது. மணமாகிக் கணவனோ மனைவியோ உடனிருந்தவர்கள் மற்றவர்களைவிட நோயை முன்னதாகக் கண்டுகொண்டார்கள். சிகிச்சையை ஒழுங்காகப் பெற்றார்கள். புற்றினால் இறந்தது 100 க்கு 20 வீதம் குறைவு. இதில் மனத்தின் மாயம் எவ்வளவோ, தெரியாது. மருந்து வேளையை நினைவூட்டவும், ஆஸ்பத்திரிக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போகவும், "இந்தக் கட்டி என்ன, காட்டிவிட்டு வரலாம் வா" என்று அதட்டவும் ஒரு ஆள் இருந்தது என்பது மட்டும் உறுதி. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரத்தை மறக்காமல் ஓயாது உழைத்ததன் பயனாக 1954 இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அங்கே பிற்காலத்தில் வருஷக்கணக்காகச் சேவை செய்த டாக்டர் சாந்தா அவர்கள், நோயோடு அதைப் பற்றிய பயத்தையும் விரட்ட வேண்டியிருக்கிறது என்பதை அலுக்காமல் எடுத்துச் சொல்லி வந்தார்.

வண்டிக்காரப் பெரியவர் சொன்ன செய்தியை இனிச் சொல்லலாம். எருதுக்குக் கொம்பு சாய்ந்ததும் பக்கத்து நிலத்துக்காரர் எவரோ, "இது ஒட்டுவாரொட்டி; தனியாகக் கட்டு" என்று பயமுறுத்தியிருக்கிறார். பெரியவரும் அதைக் கொண்டுபோய் வீட்டுப் பின்புறத்தில் வேலியோரம் கட்டினார். கன்றுப் பருவத்திலிருந்து ஒரே நுகத்தில் பழகிய ஜோடி. வலத்து மாடு வேலியோரத்தில் புண்ணாக்கை மோந்தும் பார்க்கவில்லை. இடத்து மாடோ தும்பை அறுத்துக்கொண்டு இரவெல்லாம் கத்தியது. "ரெண்டு நாள் பார்த்தேங்க, ஐயா. மூணாம் நாள் எனக்கே மனசு கேக்கலே, அவுத்துக்கிட்டு வந்துட்டேன். தப்புங்களா?" என்று கேட்டார்.

"தப்பே இல்லை. இது ஒட்டாது" என்றார் நண்பர். "ஆனால் இனிமேல் நுகத்தில் பூட்டாதே. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போ. கொம்பை அடியோடு எடுத்துவிடுவார்கள். மரத்துப் போக ஊசி போடுவார்கள், வலிக்காது."

"பிழைக்குமாங்க?"

"கழுத்துக் கட்டிகளுக்குப் பரவாமல் இருந்தால் பிழைக்கும். சில சமயம் திரும்பியும் முளைக்கும். பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்."

பெரியவர் துண்டால் எருதின் மூக்கோரத்தைத் துடைத்துவிட்டார். கரும்பை இறக்க மகனை வேறு வண்டி பார்க்க அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

பத்து நாட்களுக்குப் பிறகு திரும்பும் வழியில் அந்த ஊருக்குள் போய் விசாரித்தோம். தொழுவத்தில் இரண்டும் பக்கம் பக்கமாக நின்றன. ஒன்றுக்கு ஒற்றைக் கொம்பு. மற்றப் பக்கம் ஈ மொய்க்காதபடி மருந்து தடவிய துணிக்கட்டு. ஜோடி மாடு தன் நாக்கை நீட்டி அதன் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது. கட்டு இருந்த இடத்தை மட்டும் அது தொடவில்லை. "சொல்லிக் கொடுத்தாப்போலே அந்த இடத்தை விட்டுடுதுங்க" என்று பெரியவர் நம்மை அழைத்துக் காட்டினார். தவிட்டுத் தொட்டி காலியாக இருந்தது.